படிக்கட்டுக்கு அடியில் ஆறரை மெகாஜூல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பல வீடுகளில் படிக்கட்டுக்கு அடியில் ஓர் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று அதன்மேல் அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அதை 3,600 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 65 லட்சம் ஜூல், அதாவது ஆறரை மெகாஜூல். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

புனேயில் டி.ஆர்.டி.ஓ.வின் ஏ.ஆர்.டி.இ. என்ற ஆய்வகம் இருக்கிறது. அங்கே 12 மில்லிமீட்டர் சதுரக் குழல் கொண்ட மின்காந்தப் பீரங்கி ஒன்றைச் சோதித்துவிட்டார்கள், அடுத்தது 30 மில்லிமீட்டர் என்று 2017 இல் செய்தி வந்தது. ஒரு கிலோ எடையுள்ள பொருளை நொடிக்கு 2,000 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோவது இலக்கு. அதற்கு அவர்கள் சொன்ன மின்சேமிப்பு 10 மெகாஜூல் கெப்பாசிட்டர் வரிசை. நம் படிக்கட்டுக்கு அடியில் இருப்பதைப்போல இரண்டு பேட்டரியை வைத்தால் 13 மெகாஜூல். கையிருப்பில் வாணியம்பாடி வீட்டுக்காரர் ஏ.ஆர்.டி.இ.யை முந்திவிடுகிறார்.

ஆனாலும் அந்த இரண்டு பேட்டரியையும் ஒரு செப்புச் சுருளில் நேராக மாட்டினால் சின்ன ஆணியைக்கூட உருப்படியாக எறிய முடியாது. கம்பி சூடாகும், டெர்மினலில் பொறி பறக்கும், அவ்வளவுதான். ஆற்றல் குறைவு என்பதில்லை இங்கே. அதை எத்தனை மில்லி நொடிக்குள் கொட்ட முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிறிய மின்காந்த ஏவிகளின் பேட்டரியும் கெப்பாசிட்டரும் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பதை இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

மின்காந்தத்தால் பொருளை எறிய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது ரெயில்கன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் மின்கடத்தும் துண்டு ஒன்றை வைத்து, ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும்படி பெரும் மின்னோட்டத்தை விடுவார்கள். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலமே துண்டை முன்னால் தள்ளும். ஏ.ஆர்.டி.இ. செய்வது இந்த வகை. இதற்குப் பல்லாயிரம், லட்சம் ஆம்பியர் என்று வேண்டியிருப்பதால் சிறிய அளவில் சரிப்படாது. இரண்டாவது காயில் கன். ஒரு பிளாஸ்டிக் குழல், அதன்மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பிச் சுருள், உள்ளே இரும்புத் துண்டு. மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டுத் தரும் அதே கம்பிதான். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு உள்ளே இழுபடும். சுருளின் நடுப்பகுதிக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அது வந்த வேகத்திலேயே மறுபக்கம் வெளியேறும். கையில் தூக்கக்கூடிய சிறிய ஏவிகள் பெரும்பாலும் இந்த வகைதான். 2021 இல் அமெரிக்காவில் ஆர்க்ஃபிளாஷ் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தோளில் வைத்துச் சுடும் காயில் கன் ஒன்றைக் கடைச்சரக்காகவே விற்கத் தொடங்கியது.

நடுப்பகுதிக்கு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? சிக்கல் முழுவதும் அங்கேதான். நிறுத்தத் தாமதமானால், முன்னால் இழுத்த அதே காந்தம் இப்போது துண்டைப் பின்னால் இழுக்கும். மூன்று சென்டிமீட்டர் சுருளை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கடக்கும் துண்டுக்கு ஒன்றரை மில்லி நொடி ஆகும். அதில் பாதி நேரத்துக்குள் மின்னோட்டம் ஏறி, வேலையைச் செய்துவிட்டு, இறங்கியும் விட வேண்டும்.

இனி பேட்டரி ஏன் தோற்கிறது என்று பார்ப்போம். சுருளுக்கு மின்தூண்டல் என்று ஒரு குணம் உண்டு. மின்னோட்டம் திடீரென்று ஏறுவதை அது விடாது. ஏறும் வேகம், கொடுக்கும் வோல்ட்டேஜை மின்தூண்டலால் வகுத்தால் கிடைக்கும். சுருள் 100 மைக்ரோ ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் ஒரு மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறுவது வெறும் 12 ஆம்பியர். 400 வோல்ட் கொடுத்தால் அதே நேரத்தில் 400 ஆம்பியர். பேட்டரி உள்ளே எத்தனை மெகாஜூல் வைத்திருந்தாலும், 12 வோல்ட்டால் அந்தச் சுருளை அந்த நேரத்துக்குள் அசைக்க முடியாது. போதாததற்குப் பேட்டரிக்குச் சொந்தத் தடை வேறு இருக்கிறது. அது 5 மில்லி ஓம் என்று எடுத்துக்கொண்டால், அந்தப் பேட்டரியிலிருந்து எப்படிப் பிழிந்தாலும் வெளியே எடுக்கக்கூடிய உச்சத் திறன் 7 கிலோவாட் சொச்சம். வேதிவினை அதற்குமேல் ஓடாது.

கெப்பாசிட்டரில் வேதிவினை இல்லை. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்கடத்தாப் பொருள், தகடுகளில் நிற்கும் மின்னூட்டம். கொடு என்றால் உடனே கொடுத்துவிடும். அதன் ஆற்றலைக் கணக்கிட, கொள்திறனின் பாதியை வோல்ட்டேஜின் இருமடியால் பெருக்க வேண்டும். 1,000 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டால் சுமார் 100 ஜூல். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைத் திறந்தால் இதே சாயலில் தடித்த உருளைகளைப் பார்க்கலாம். 100 ஜூல் அற்பமான அளவு, ஒரு கிலோ எடையைப் பத்து மீட்டர் தூக்கப் போதும். ஆனால் மேலே சொன்ன சுருளோடு சேர்த்துத் தடையில்லாமல் கணக்குப் போட்டால், அந்த 100 ஜூலும் அரை மில்லி நொடியில் கெப்பாசிட்டரை விட்டுப் போய்விடும். அதாவது 200 கிலோவாட். டேனரியில் தோல் ஊறும் டிரம் ஒன்றை 20 எச்.பி. மோட்டார் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்று டிரம் மோட்டார்கள் சேர்ந்து கொடுக்கும் திறன் இது. அரை மில்லி நொடிக்கு மட்டும்.

கெப்பாசிட்டரின் குறை எடையில் இருக்கிறது. இந்த வகையில் ஒரு கிராமுக்குச் சுமார் ஒரு ஜூல் கிடைத்தாலே பெரிது. லித்தியம் பேட்டரியில் ஒரு கிராமுக்கு 500 ஜூலுக்கு மேல். பத்து மெகாஜூலைக் கிராமுக்கு ஒரு ஜூல் என்ற கணக்கில் சேமித்தால் பத்து டன் ஆகிவிடும். ரெயில்கன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது சினிமாவில் மட்டும் நடப்பது இதனால்தான்.

ஆகவே இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். பேட்டரி மெதுவாக ஊட்டும், கெப்பாசிட்டர் ஒரே அடியாகக் கொட்டும். ஷூ கம்பெனியின் கிளிக்கிங் பிரிவில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. விரித்த தோலின்மேல் டையை வைத்து, ஆபரேட்டர் இரண்டு கையாலும் பட்டனை அழுத்துவார். பிரஸின் தலை டப்பென்று இறங்கி ஏறும். அந்த ஓர் அடிக்கு மட்டும் டன் கணக்கில் அழுத்தம் வேண்டும். மீதி நேரமெல்லாம் மோட்டார் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும். பழைய பிரஸ்களில் இதற்கென்றே கனமான சுழல்சக்கரம் ஒன்று இருக்கும். மோட்டார் நிதானமாகச் சேர்த்த ஆற்றலை, அடி விழும் நொடியில் சக்கரம் கொடுத்துவிடும். காயில் கன்னில் அந்தச் சக்கரத்தின் இடத்தில் கெப்பாசிட்டர் இருக்கிறது.

பெரிய அளவில் போகும்போது உண்மையான சக்கரமே திரும்ப வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலில் விமானங்களை மின்காந்தமே இழுத்து எறிகிறது. அதற்கான ஆற்றலைச் சுழலும் ஜெனரேட்டர்களின் உருளைகளில் சேமித்து, இரண்டு மூன்று நொடியில் கொட்டி, முக்கால் நிமிடத்துக்குள் மீண்டும் சுழற்றி ஏற்றுகிறார்கள். கெப்பாசிட்டர் அங்கே இந்த வேலைக்கு வரவில்லை. நொடிக்கணக்கில் கொட்ட வேண்டிய இடத்தில் சக்கரமும், மில்லி நொடியில் கொட்ட வேண்டிய இடத்தில் கெப்பாசிட்டரும் பொருந்தும் என்று மோட்டாவாகச் சொல்லலாம். நம்முடைய விக்ராந்தில் இந்தத் தொல்லையே இல்லை. அதன் மேல்தளம் முனையில் மேல்நோக்கி வளைந்திருக்கிறது, விமானம் தன் எஞ்சினால் ஓடிப்போய்த் தாவிவிடுகிறது.

ஊட்டும் பக்கத்துக்கு வருவோம். பேட்டரி தருவது பத்து இருபது வோல்ட், கெப்பாசிட்டருக்கு வேண்டியது 400, 450. நடுவில் வோல்ட்டேஜை ஏற்றும் மின்சுற்று ஒன்று தேவை. கல்யாண வீட்டு போட்டோகிராபர்கள் பழைய ஃபிளாஷை ஏற்றும்போது மெல்லிய ‘ஙொய்ங்’ என்ற ஒலி எழும்பி, உயர்ந்துகொண்டே போய் அடங்கும். பிறகு பின்னால் சின்ன விளக்கு எரியும். நான்கு பென்சில் செல்களின் 6 வோல்ட்டை 300 வோல்ட்டுக்கு மேலே ஏற்றிக் கெப்பாசிட்டரில் நிரப்பும் சத்தம் அது. விளக்கு எரிந்தால் அடுத்த படம் எடுக்கலாம். காயில் கன் சுற்றும் ஏறக்குறைய இதேதான். செனான் குழாய் இருந்த இடத்தில் செப்புச் சுருள்.

இந்த ஏற்றும் சுற்றைச் சிலர் அலட்சியமாக நினைப்பார்கள். உயர் வோல்ட்டேஜை ஒரு ரெசிஸ்டர் வழியாக விட்டு நிரப்பினால் போதாதா என்பார்கள். போதும், ஆனால் கெப்பாசிட்டரில் சேரும் அளவு ஆற்றல் ரெசிஸ்டரிலும் வெப்பமாகப் போகும். ரெசிஸ்டர் சிறிதோ பெரிதோ, பாதிக்குப் பாதி நட்டம் மாறாது. மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஊட்டும் சுற்று இந்த நட்டத்தைப் பெருமளவு தவிர்க்கிறது. ஏற்றும் சுற்று 50 வாட் கொடுத்தால் 100 ஜூலுக்கு இரண்டு நொடி. இரண்டு அடிகளுக்கு இடையில் காத்திருக்கும் நேரத்தை இதுதான் முடிவு செய்கிறது.

டிரோனில் மாட்டும் ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்று, 22 வோல்ட், 5 ஆம்பியர்-மணி, நான்கு லட்சம் ஜூல் வைத்திருக்கும். 100 ஜூல் அடிக்கு, நட்டமெல்லாம் போக, 3,000 முறைக்கு மேல் ஏற்றலாம். ஆகையால் பேட்டரி முதலில் தீர்ந்துபோவதில்லை. அதற்கு முன்பே சுருள் கொதித்துவிடும். காரணம், எளிய ஒற்றைச் சுருள் ஏவியில் 100 ஜூல் கொட்டினால் துண்டின் வேகமாக மாறுவது ஒன்றிரண்டு ஜூல், நன்றாகச் செய்திருந்தால் நான்கைந்து. மீதி அத்தனையும் செப்பிலும் கெப்பாசிட்டரிலும் வெப்பம். இரும்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சுமார் இரண்டு டெஸ்லாவில் அது காந்தத்தால் நிறைந்துவிடும், அதற்குமேல் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் இழுவை அந்த அளவு கூடாது.

அதனால்தான் ஒரே பெரிய சுருளை விட்டுவிட்டுப் பல சிறிய சுருள்களை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டும். ஆனால் துண்டு வேகமெடுக்க எடுக்க அடுத்தடுத்த சுருளுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. நொடிக்கு 100 மீட்டரில் அதே மூன்று சென்டிமீட்டர் 0.3 மில்லி நொடியில் முடிந்துவிடும். மின்சாரத்தைத் திறக்கும் சுவிட்ச் இங்கே முக்கியமாகிறது. தைரிஸ்டர் மலிவு, பெரிய மின்னோட்டம் தாங்கும், ஆனால் திறந்தால் கெப்பாசிட்டர் காலியாகும்வரை தானாக மூடாது. ஐ.ஜி.பி.டி.யை நினைத்த நேரத்தில் மூடலாம், விலை அதிகம், கொஞ்சம் மீறினாலும் புகைந்துவிடும். கெப்பாசிட்டர் காலியான பிறகும் சுருளில் சேர்ந்த காந்த ஆற்றல் மின்னோட்டத்தை ஓடவைத்துக்கொண்டே இருக்கும். அது கெப்பாசிட்டரை எதிர்த்திசையில் ஏற்றப் பார்க்கும், எலக்ட்ரோலைட்டிக் வகை அதைத் தாங்காது. தடுக்க டயோடு போட்டால் அந்த மிச்ச மின்னோட்டம் டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டே இருந்து துண்டைப் பின்னால் இழுக்கும். எது செய்தாலும் ஒரு விலை உண்டு. இந்தத் துறையில் நேரம் செலவழித்தவர்களின் பாதி உழைப்பு இந்த மிச்ச மின்னோட்டத்தைத் தொலைப்பதில்தான் போகிறது.

சூப்பர்கெப்பாசிட்டர் என்ற சொல் கேட்டவர்கள் அதைப் போடலாமே என்று நினைக்கலாம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்யும் பொருள்களில் அதுவும் ஒன்று. எடைக்கு எடை அது சாதாரணக் கெப்பாசிட்டரைவிடப் பல மடங்கு ஆற்றல் கொள்ளும். ஆனால் ஒரு செல் தாங்குவது 2.7 வோல்ட் அளவுதான். 450 வோல்ட்டுக்கு 167 செல்களைத் தொடராகக் கோக்க வேண்டும், அத்தனையின் தடையும் கூடிக்கொண்டே போகும். வண்டி பிரேக் போடும்போது வரும் மின்சாரத்தைப் பிடித்து வைக்க அது அருமையான பொருள். மில்லி நொடி வேலைக்கு இல்லை. கெப்பாசிட்டரே வேண்டாம் என்று, அதிக மின்னோட்டம் தரும் லித்தியம் பேட்டரியை நேராகச் சுருளில் விடும் அமைப்புகளும் வந்திருக்கின்றன. சுற்றுக் குறைந்த, தடித்த கம்பிச் சுருள்களை நிறைய வைத்து, குறைந்த வோல்ட்டேஜுக்கு ஏற்ப மின்தூண்டலைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது லாபம். அடியின் வலிமை குறைவு, பேட்டரியைப் பிழிவது அதிகம்.

லித்தியத்தைப் பிழிவதில் என்ன ஆபத்து என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் அந்த ஊரில், வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். பேட்டரித் தீ வெளியிலிருந்து காற்று கிடைக்காவிட்டாலும் உள்ளிருக்கும் வேதிப்பொருளாலேயே வளரக்கூடியது.

கெப்பாசிட்டரின் ஆபத்து வேறு மாதிரி. அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். டேனரி டிரம்களை இப்போது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் வைத்துத்தான் பல இடங்களில் ஓட்டுகிறார்கள். டிரைவ் பெட்டியின்மேல் மின்சாரத்தை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே திறக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்கும். மூன்று பேஸ் 415 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறி 580 வோல்ட்டுக்கு மேல் கெப்பாசிட்டர்களில் நிற்கிறது. மெயினை இறக்கினாலும் அது உடனே போகாது. அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் உள்ளே எரியும் சிறு விளக்கு அணைகிறதா என்று பார்ப்பார், மீட்டர் வைத்துப் பார்ப்பார், பிறகுதான் கையை விடுவார். அவசரக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைப்பார். வெடிச்சத்தம் கேட்கும், முனையில் ஒரு குழி விழும். கண்ணுக்கு நேராகச் சிதறும் உலோகத் துளி பற்றி அவர் நினைத்திருக்க மாட்டார்.

நாம் பார்த்த 100 ஜூல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால், வோல்ட்டேஜ் அற்பமாக இறங்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ரெசிஸ்டரும் இல்லாமல் கட்டியிருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். ஆஸ்பத்திரியில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மார்பின்மேல் வைத்துக் கொடுக்கும் மின்அதிர்ச்சி 200 ஜூல் அளவில் இருக்கும், அதுவும் கெப்பாசிட்டரிலிருந்துதான் வருகிறது. மருத்துவர் இடம் பார்த்து, மற்றவர்களை விலகச் சொல்லிக் கொடுப்பது அது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு இதயத்தின் வழியே பாயும் 100 ஜூலுக்கு அந்த நிதானம் எதுவும் கிடையாது. யூடியூப் பார்த்து இதை வீட்டில் கட்ட நினைக்கும் பாலிடெக்னிக் மாணவருக்கு என் கருத்து ஒன்றுதான்: 24 வோல்ட்டுக்கு மேலே போகாமல் செய்யுங்கள். துண்டு ஒரு முழம்தான் போகும், ஆனால் துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் சென்சார், நேரம், மிச்ச மின்னோட்டம் என்று கற்க வேண்டிய பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதை வரையறுக்கும்போது வெடிமருந்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வேறு வகை ஆற்றலால் எறிபொருளைச் செலுத்த வடிவமைத்த ஆயுதத்தையும் சேர்த்துக்கொண்டது. மருந்து இல்லை, கெப்பாசிட்டர்தானே என்ற வாதம் எடுபடாது.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. நார்வேயின் கிறிஸ்டியான் பிர்க்லண்ட் 1901 இலேயே மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை பெற்றவர். 1903 பிப்ரவரியில் பெரிய மனிதர்களை எல்லாம் அரங்கில் உட்காரவைத்துச் செய்து காட்டினார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பயங்கரச் சத்தத்தோடு மின்வில் எரிந்தது. பார்வையாளர்கள் பதறினார்கள். பீரங்கி வியாபாரம் அதோடு போனது. ஆனால் சில நாளில் சாம் எய்டே என்ற பொறியாளரைச் சந்தித்தபோது, காற்றிலிருக்கும் நைட்ரஜனை எரித்து உரமாக்க இப்படி ஒரு மின்வில் போதும் என்று இருவருக்கும் பிடிபட்டது. 1905 இல் நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற உர நிறுவனம் பிறந்தது.

நம் பக்கத்திலும் இந்தக் கெப்பாசிட்டர்-சுருள் சுற்றுக்கு வேலை இருக்கிறது, எறிவதற்கு அல்ல. 2021 நவம்பரில் ராணிப்பேட்டையில் கிரீவ்ஸ் நிறுவனத்தின் ஆம்பியர் மின்ஸ்கூட்டர் தொழிற்சாலையைத் திறந்தார்கள். மின்ஸ்கூட்டர் மோட்டார்களுக்குள் பொதுவாக நியோடிமியம் காந்தங்கள் இருக்கும். அந்தக் காந்தம் உலையிலிருந்து வரும்போது வெறும் உலோகக் கட்டி, இழுக்காது. அதைச் சுருளுக்குள் வைத்து மூன்று டெஸ்லா அல்லது அதற்கு மேற்பட்ட புலத்தைக் காட்டினால்தான் காந்தமாகும். அவ்வளவு புலத்தைத் தொடர்ந்து உண்டாக்கினால் சுருள் உருகிவிடும். எனவே கெப்பாசிட்டர் வரிசையை மெதுவாக ஏற்றி, சில மில்லி நொடியில் சுருளுக்குள் கொட்டுகிறார்கள். ஒரே ஓர் அடி. காயில் கன்னில் துண்டு பறக்க வேண்டும், இங்கே அது அசையாமல் இருக்க இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள்.